ஊருக்கே திரும்பி வந்த பாடகர்

அந்தப் பாட்டில் வரும் பையனுக்கு ஊர் சின்னது, ஆசை பெரியது. கிதார் வாசித்துப் பாடகன் ஆகப் போகிறேன் என்கிறான். தகப்பனார், வீண் கனவு காணாதே என்று தடுக்கிறார். பையன் கேட்கவில்லை. வீட்டை விட்டுப் போய்விடுகிறான்.

வெளியூரில் பேரும் பணமும் சம்பாதிக்கிறான். பெற்றவர்களிடம் தன் பெருமையைக் காட்டலாம் என்று ஒருநாள் ஊருக்குத் திரும்புகிறான். வீட்டில் அவர்கள் இல்லை. இரண்டு கல்லறைகள்தான் இருக்கின்றன. வீட்டை விட்டுப் போனது சரியா, தவறா என்பதே பாட்டு கேட்கும் கேள்வி. பாட்டின் பெயரும் அதுதான்: "வாஸ் ஐ ரைட் ஆர் ராங்".

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பிறந்த "சதர்ன் ராக்" இசையின் ரசிகர்கள் நாலு பேர் கூடினால், இந்தப் பாட்டைப் பற்றி வாக்குவாதம் வருவது உண்டு. போகாமல் இருந்திருந்தால் அவன் அந்த ஊரிலேயே மக்கிப் போயிருப்பான் என்பது ஒரு கட்சி. பெற்றவர் முகம் பார்க்காமல் சம்பாதித்த பேர் எதற்கு என்பது எதிர்க்கட்சி. ஊரை விட்டு வந்து பிழைப்பு நடத்தும் நம்மவர்களுக்கு இந்த வாக்குவாதத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருந்து தந்தி வந்தால் கை நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது நடுராத்திரியில் போன் மணி அடித்தால் நடுங்குகிறது.

இந்தப் பாட்டை எழுதிப் பாடியவர் ரோனி வான் சேண்ட். "லெனர்ட் ஸ்கினர்ட்" என்ற இசைக்குழுவின் தலைவர். பாட்டில் நடந்ததற்கு நேர்மாறாக அவர் வாழ்க்கையில் நடந்தது.

லாரி டிரைவர் மகன்

ரோனி, 1948-ம் ஆண்டு ஜனவரி 15-ந்தேதி புளோரிடா மாநிலத்தில் உள்ள ஜாக்சன்வில் நகரில் பிறந்தார். தகப்பனார் லேசி வான் சேண்ட் லாரி டிரைவர். தாயார் மாரியன், "டோநட்" என்னும் இனிப்புப் பண்டம் விற்கும் கடையில் இரவு வேலை பார்த்தவர். மூன்று ஆண் பிள்ளைகளில் ரோனி மூத்தவர்.

ஜாக்சன்வில்லை வரைபடத்தில் பார்த்தால் பெரிய பட்டணம். ஆனால் இவர்கள் இருந்த மேற்குப் பகுதி, பட்டணத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட ஏழைக் குடியிருப்பு. அங்குள்ள ஆண்களுக்கு லாரி, கப்பல் தளம், தொழிற்சாலை, இல்லாவிட்டால் பட்டாளம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் குத்துச்சண்டை வீரனாகவோ, பேஸ்பால் ஆட்டக்காரனாகவோ ஆக வேண்டும். ரோனி இரண்டுக்கும் ஆசைப்பட்டார்.

பேஸ்பால்தான் அவரைப் பாட்டில் கொண்டுபோய் விட்டது. 1964-ம் ஆண்டு ஒரு மைதானத்தில் ரோனி அடித்த பந்து, வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்த பாப் பர்ன்ஸ் என்ற பையன் மீது பட்டது. அடிபட்டவனுக்கு டிரம் வாசிக்கத் தெரியும். கூட இருந்த கேரி ராசிங்டனுக்குக் கிதார் தெரியும். அன்றே பர்ன்ஸ் வீட்டுக் கார் கொட்டகையில் மூன்று பேரும் பாடிப் பார்த்தார்கள். பின்னர் ஆலன் காலின்ஸ் என்ற இன்னொரு கிதார்க்காரரும், லாரி ஜன்ஸ்ட்ராமும் வந்து சேர்ந்தார்கள்.

குழுவுக்கு வைத்த பெயர் அடிக்கடி மாறியது. நிலைத்த பெயருக்குக் காரணம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். இவர்கள் படித்த ராபர்ட் இ. லீ உயர்நிலைப் பள்ளியில் லெனர்ட் ஸ்கின்னர் என்பவர் உடற்பயிற்சி ஆசிரியர். தலைமுடி நீளமாக வளர்க்கும் மாணவர்களை அவருக்குப் பிடிக்காது. ராசிங்டன் இதனால் பலமுறை தண்டனை வாங்கினார்.

ராசிங்டனுக்குத் தகப்பனார் கிடையாது. அதனால் ரோனியின் தகப்பனார் லேசியே பள்ளிக்கூடத்துக்குப் போய், இந்தப் பையன் முடி வளர்ப்பது கச்சேரிக்காக, கச்சேரிப் பணத்தில்தான் அவன் தாயாருக்கு உதவுகிறான் என்று வாதாடினாராம். பாட்டில் வரும் தகப்பனார் மகனைத் தடுப்பவர். உண்மைத் தகப்பனார் அடுத்த வீட்டுப் பையனுக்காகவும் வக்காலத்து வாங்கியவர்.

வாத்தியார் பெயரையே எழுத்து மாற்றிக் குழுவுக்கு வைத்துவிட்டார்கள். பின்னாளில் அவரும் கோபத்தை மறந்து, ஜாக்சன்வில்லில் நடந்த ஒரு கச்சேரியில் இந்தக் குழுவை மேடையில் அறிமுகம் செய்து வைத்தார். ஸ்கின்னர் 2010-ல் காலமானார்.

தகரக் கொட்டகையில் தவம்

ரோனி படிப்பை முடிக்கவில்லை. ஊருக்குத் தெற்கே கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், காட்டு ஓடைக்கரையில் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டை எடுத்தார்கள். புளோரிடா வெயில் நம்ம ஊர் சித்திரை வெயிலுக்குக் குறைந்தது அல்ல. தகரத்துக்குக் கீழே அடுப்பு மாதிரி கொதிக்கும். அந்த வீட்டுக்கு "நரக வீடு" என்று பெயர் வைத்தார்கள்.

காலையில் ரோனியே வண்டி ஓட்டிப் போய் ஒவ்வொருவரையும் எழுப்பி அழைத்து வருவார். பொழுது சாயும் வரை வாசிப்பு. ஒரே பாட்டை, ஒரு சுரம் பிசகாமல் வரும் வரை திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டும். தவறு செய்தவரை ரோனி சும்மா விடமாட்டார். குத்துச்சண்டைக்கு ஆசைப்பட்ட கை அல்லவா, சில சமயம் கையும் பேசும். இதை அவருடைய ரசிகர்கள் வீரமாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. குடித்துவிட்டால் அவரிடம் நண்பர்களே அஞ்சினார்கள் என்பது உண்மை.

பாட்டு எழுதும் முறைதான் வியப்பு. ரோனி காகிதத்தில் எழுத மாட்டார். கிதார்க்காரர்கள் வாசித்துக்கொண்டே இருக்க, மனதுக்குள் அடிகளைக் கட்டுவார். மறுநாள் நினைவில் நிற்காத பாட்டு பாடத் தகுந்தது அல்ல என்பது அவர் கணக்கு.

1970, 1971-ம் ஆண்டுகளில் அலபாமா மாநிலத்தில் மஸ்ல் ஷோல்ஸ் என்ற சிற்றூரில் உள்ள ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ச் சில பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். "வாஸ் ஐ ரைட் ஆர் ராங்" அவற்றில் ஒன்று. அப்போது ரோனிக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. பெற்றோர் இருவரும் நல்லபடியாக இருந்தார்கள். இல்லாத சாவைக் கற்பனை செய்து எழுதினார். அந்த நாடாவைப் பல இசைத்தட்டுக் கம்பெனிகள் கேட்டுவிட்டு வேண்டாம் என்று திருப்பி அனுப்பின.

பேர் வந்தது

1972-ல் அட்லாண்டா நகரத்து விடுதி ஒன்றில் இவர்கள் பாடியதை ஆல் கூப்பர் என்ற இசைத் தயாரிப்பாளர் கேட்டார். ஒப்பந்தம் ஆயிற்று. 1973 ஆகஸ்டில் முதல் இசைத்தட்டு வந்தது. குழுவின் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதையே அந்த இசைத்தட்டுக்குத் தலைப்பாக வைத்தார்கள்.

அதில் "சிம்பிள் மேன்" என்று ஒரு பாட்டு, தாய் மகனுக்குச் சொல்லும் புத்திமதி. அது வேண்டாம் என்று கூப்பர் சொன்னாராம். ரோனி அவரை வெளியே அழைத்துப் போய்க் காரில் உட்கார வைத்து, பதிவு முடியும் வரை உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாராம். இன்றைக்கும் அதிகம் கேட்கப்படும் பாட்டுகளில் அது ஒன்று.

இன்னொன்று "பிரீ பேர்டு". ஒன்பது நிமிடப் பாட்டு. ஆலன் காலின்சின் காதலி ஒருநாள் அவரிடம் கேட்ட கேள்வியே பாட்டின் தொடக்கம் ஆயிற்று. அதற்குப் பியானோ முன்னிசை அமைத்த பில்லி பவல், அதுவரை குழுவுக்குச் சாமான் தூக்கி வைக்கும் வேலையில் இருந்தவர். ஒரு பள்ளிக்கூட விழாவில் அவர் வாசித்ததைக் கேட்ட ரோனி, சாமான் தூக்கியது போதும் என்று குழுவில் சேர்த்துக்கொண்டார். எங்கும் தங்க மாட்டேன், போய்க்கொண்டே இருப்பேன் என்னும் மனிதனின் பாட்டு அது. அமெரிக்காவில் எந்தக் கச்சேரி நடந்தாலும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து "பிரீ பேர்டு" பாடச் சொல்லிக் கூச்சல் போடுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

1974-ல் "ஸ்வீட் ஹோம் அலபாமா" வந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 8-வது இடம் வரை போயிற்று. வேடிக்கை என்ன என்றால், அந்தப் பாட்டை உருவாக்கிய மூன்று பேரில் ஒருவர்கூட அலபாமாக்காரர் அல்ல. இருவர் புளோரிடா, ஒருவர் கலிபோர்னியா. தென் மாநிலங்களில் கறுப்பர்களுக்கு நடந்த கொடுமைகளைக் கண்டித்து நீல் யங் பாடிய பாட்டுகளுக்குப் பதில் அது. ஆனால் ரோனிக்கு நீல் யங் மீது பகை இல்லை. அவர் படம் போட்ட பனியனை அணிந்து மேடை ஏறியவர்.

இந்தக் குழு மேடையில் தொங்கவிட்ட கொடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தென் மாநிலங்களின் பழைய கொடி அது. கறுப்பர் மனம் அதைப் பார்த்து என்ன பாடுபட்டிருக்கும் என்பதை இவர்கள் நினைக்கவில்லை. ஊர்ப்பற்று என்று சொல்லி மழுப்பிவிட முடியாத குறை இது. அதே ரோனிதான், ஊரார் மதிக்காத ஒரு கறுப்பின கிதார்க் கலைஞரைச் சிறுவன் ஒருவன் தேடித் தேடிப் போய்க் கேட்பதாக "கர்ட்டிஸ் லோ" பாட்டையும், கைத்துப்பாக்கிக் கலாசாரத்தை எதிர்த்து 1975-ல் இன்னொரு பாட்டையும் பாடினார்.

பேரும் பணமும் வந்த பிறகு கலிபோர்னியாவுக்கோ நியூயார்க்குக்கோ அவர் குடிபோகவில்லை. ஜாக்சன்வில்லுக்குத் தெற்கே ஏரிக்கரையில் வீடு எடுத்தார். கச்சேரி இல்லாத நாளில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பார். மேடையில் செருப்பு இல்லாமல் வெறுங்காலோடு பாடுவார். 1976-ல் வந்த ஒரு பாட்டில், தன் ஊர்ப்பக்கத்துப் பச்சை எல்லாம் சிமெண்டு தரையாக மாறுவதைப் பார்த்து வருந்தினார். போகிறேன், போகிறேன் என்று பாடியவர் போகவே இல்லை.

காலியான டாங்கி

முப்பது வயதைப் பார்க்க மாட்டேன் என்று ரோனி சொல்லி வந்ததாகக் கூட இருந்தவர்கள் பின்னால் தெரிவித்தார்கள்.

1977 அக்டோபர் 17-ந்தேதி புதிய இசைத்தட்டு வெளியாயிற்று. அட்டையில் குழுவினர் நெருப்புச் சுவாலைக்கு நடுவே நிற்பது போல் படம். மூன்றே நாட்கள். 20-ந்தேதி மாலை, தென் கரோலினாவில் உள்ள கிரீன்வில் நகரில் இருந்து லூசியானாவில் உள்ள பேட்டன் ரூஜ் நகருக்கு, வாடகைக்கு எடுத்த "கான்வேர்" விமானத்தில் புறப்பட்டார்கள். பழைய விமானம். அதே ஆண்டில் "ஏரோஸ்மித்" என்ற மற்றொரு குழுவுக்காக இதைப் பார்வையிட்டவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு முந்தைய பயணத்திலேயே வலது என்ஜினில் நெருப்பு வெளிவந்தது. இந்த ஒரு பயணத்தோடு விமானத்தை மாற்றிவிடலாம் என்று இருந்தார்களாம்.

மிசிசிப்பி மாநிலத்துக்கு மேலே பறக்கும்போது பெட்ரோல் தீர்ந்துவிட்டது. அருகில் உள்ள மெக்கோம்ப் விமான நிலையத்துக்குத் திருப்பப் பார்த்தார்கள். முடியவில்லை. கில்ஸ்பர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் காட்டு மரங்களில் மோதி விழுந்தது. 26 பேரில் 6 பேர் இறந்தார்கள். ரோனி, கிதார் வாசித்த ஸ்டீவ் கெய்ன்ஸ், அவருடைய அக்காள் கேசி, உதவி மேலாளர் ஒருவர், விமானிகள் இருவர். ரோனிக்கு வயது 29.

என்ஜின் கோளாறால் எண்ணெய் அதிகம் செலவானதும், விமானிகள் இருப்பைச் சரியாகக் கவனிக்காததும் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஒரு கூட்ஸ் வண்டி புறப்படும் முன்பே எத்தனை பேர் எத்தனை சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று தினமும் பார்க்கிற எனக்கு, இதைப் படித்தபோது மனம் ஆறவில்லை.

சுவாலை போட்ட அட்டையைக் கம்பெனி திரும்பப் பெற்று, வேறு அட்டை போட்டது.

மகனைப் புதைத்த பெற்றோர்

பல கம்பெனிகள் வேண்டாம் என்ற மஸ்ல் ஷோல்ஸ் நாடா, 1978-ல் இசைத்தட்டாக வந்தது. சரியா, தவறா என்று கேட்ட பாட்டை உலகம் கேட்டது அப்போதுதான். பாடியவர் இல்லை. கல்லறைக்குள் இருப்பதாக அவர் பாடிய தாயும் தகப்பனும் உயிரோடு இருந்து கேட்டார்கள். அந்தப் பாட்டை அவர்கள் வீட்டில் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று ரசிகர்கள் பேசிக்கொள்வது உண்டு.

லேசி வெள்ளைத் தாடியோடு நெடுங்காலம் வாழ்ந்தார். தேடி வரும் ரசிகர்களை வீட்டுக்குள் அழைத்து, மகனுக்குக் கிடைத்த இசைத்தட்டுகளைக் காட்டுவார். இரண்டாவது மகன் டோனி வேறொரு குழுவில் பாடினார். 1987-ல் லெனர்ட் ஸ்கினர்ட் குழு மறுபடி கூடியபோது, கடைசி மகன் ஜானி அண்ணனுடைய இடத்தில் நின்றார்.

2000-ம் ஆண்டு யாரோ விஷமிகள் ரோனியின் கல்லறையை உடைத்தார்கள். குடும்பத்தார் உடலை ஜாக்சன்வில்லில் வேறு இடுகாட்டுக்கு மாற்றினார்கள். அதே ஆண்டில் தாயார் மறைந்தார். லேசி 2004-ல் போய்ச் சேர்ந்தார். 2006-ல் அமெரிக்க ராக் இசைப் புகழ் மண்டபத்தில் குழுவுக்கு இடம் கிடைத்தபோது தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. பந்தடிபட்ட நாளில் கூட இருந்த ராசிங்டன், 2023 மார்ச்சில் காலமானார்.

ரோனி வீடு எடுத்து வாழ்ந்த அந்தப் பகுதியில், கிளே மாவட்டத்தில், அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. உள்ளே ஒரு குளம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அங்கே வந்து தூண்டில் போடுகிறார்கள்.