புறாக்களைப் படிக்க வைத்த டாக்டர்

வாத்துக் குஞ்சு கால் வளைந்து உட்கார்ந்துவிட்டால், காரைக்குடிப் பக்கத்தில் கண்ணேறு என்று எண்ணுவோர் உண்டு. பெரும்பாலும் குற்றம் இரையில்தான். இரைக் குறைவு காலை முடக்கும் என்பதைத் தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்தவர் சர் ராபர்ட் மெக்காரிஸன்.

1878-ல் அயர்லாந்தில் பிறந்த அவர், 1901-ல் மருத்துவராக இந்தியா வந்தார். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே தின்ற புறாக்கள் கால் தளர்ந்து விழுந்தன. தவிட்டோடு போன சத்து இல்லாததே காரணம். 1923-ல் சிக்கனத்தின் பேரில் ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை, 1925-ல் மீண்டும் தொடங்கினார். 1960-ல் காலமானார். அந்த ஓர் அறையே வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

புறாவுக்குக் குறைந்தது தயாமின். வாத்துக் குஞ்சுக்குக் குறைவது நயாசின். கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்கு இது அதிகம் வேண்டும். கோழித் தீவனம் மட்டும் போதாமல் போகலாம். நயாசின் நிறைந்த ஈஸ்ட் தூளைத் தீவனத்தில் காலத்தில் கலந்தால் குஞ்சு தேறும். எலும்பு வளைந்து இறுகிய பின் பலன் குறைவு. கண்ணேறு கழிக்குமுன் தீவனத் தட்டைப் பார்ப்பதே நல்லது.