பால் ராப்சன்: ஆடுகளத்தில் தனித்து நின்றவர்

பால் ராப்சனைப் பாடகராகவும் நடிகராகவும் நாம் அறிவோம். மேடைக்கு வருமுன் அமெரிக்கா அவரைக் கால்பந்து வீரராக அறிந்திருந்தது. பந்தைக் கையில் ஏந்தி, உடலோடு உடல் மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து அது. மோதலின் மறைவில் இனவெறிக்கும் அங்கே இடமிருந்தது.

அவருடைய தந்தை வில்லியம் ட்ரூ ராப்சன், வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, பதினைந்தாம் வயதில் தப்பி, படித்துப் போதகரானவர். பிரின்ஸ்டன் திருச்சபைப் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டபின் வீடுகளின் அடுப்புச் சாம்பலை வண்டியில் அள்ளிச் சென்று பிழைத்தார். 1898-இல் பிறந்த பால், சிறு வயதிலேயே தாயைத் தீ விபத்தில் இழந்தார்.

நியூ ஜெர்சியின் சாமர்வில் உயர்நிலைப் பள்ளியில் அவர் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், தடகளம் ஆகிய நான்கிலும் ஆடினார், ஒத்தெல்லோவாக நடித்தார், பாடினார். ஆயினும் கல்லூரிக் கதவைத் திறந்தது விளையாட்டன்று. ரட்கர்ஸ் கல்லூரிக்கான மாநில உதவித்தொகைத் தேர்வில், ஏனையோர் மூன்றாண்டுப் பாடங்களுக்கான தேர்வை முந்தைய ஆண்டே எழுதி முடித்திருந்தனர். அதை அறியாதிருந்த ராப்சன் நான்காண்டுப் பாடங்களையும் ஒரே அமர்வில் எழுதி வென்றார். தகுதி எனும் சொல்லை ஒடுக்கப்பட்டோரின் முகத்தில் வீசுவோர் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்களோ!

1915-இல் அவர் நுழைந்தபோது ரட்கர்ஸில் வேறு கறுப்பின மாணவர் எவருமில்லை. அணித்தேர்வுக்கான முதல் பயிற்சி ஆட்டத்திலேயே வெள்ளை மாணவர்கள் அவர்மீது பாய்ந்தனர். மூக்கு உடைந்தது, தோள்மூட்டு விலகியது. எதிரணியினர் அல்லர் அவர்கள். சக வீரர்களாக வேண்டியவர்கள். பத்து நாள் படுக்கையில் கிடந்தவருக்கு விலகிவிடும் எண்ணமும் எழுந்தது. ஆனால், களத்தில் தாம் மட்டும் நிற்கவில்லை, கல்லூரியில் ஆட விரும்பும் கறுப்பினச் சிறுவர் அனைவரும் தம்மோடு நிற்கின்றனர் என்று தந்தை கற்பித்திருந்தார். பதினேழு வயதுப் பிள்ளையின் தோளில் ஓர் இனத்தையே ஏற்றிவைத்த அந்தப் பாடத்தின் கொடுமையையும் நாம் காணவேண்டும். திரும்பி வந்தவரின் கையை ஒருவன் ஆணிக் காலணியால் மிதித்து நகங்களைப் பிய்த்தான். அடுத்த ஆட்டத்தில் ராப்சன் எதிரில் வந்தவர்களை வீழ்த்தி, பந்து வைத்திருந்தவனைத் தலைக்குமேல் தூக்கினார். கீழே அறைவதற்குள் பயிற்சியாளர் சான்ஃபோர்டு குரலெழுப்பி, அவரை அணியில் சேர்த்துக்கொண்டதாக அறிவித்தார்.

அடிகளைவிட ஆழமான காயம் 1916-இல் நேர்ந்தது. தெற்கிலிருந்து வந்த வாஷிங்டன் அண்ட் லீ அணி, கறுப்பினத்தவர் இருக்கும் களத்தில் இறங்க மறுத்தது. ரட்கர்ஸ் பணிந்தது, ராப்சனை ஆடவிடாமல் நிறுத்தியது. முரடர்களின் வன்முறையைக் காட்டிலும், நிர்வாகத்தின் இந்தக் கண்ணியமான இணக்கமே நமக்கு அச்சமூட்டுகிறது.

1917, 1918 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவர் அனைத்து அமெரிக்க அணிக்குத் தேர்வு பெற்றார். 1919-இல் பட்டமளிப்பு விழாவில் தம் வகுப்பின் சார்பில் உரையாற்றினார். பின்னர் தொழில்முறைக் கால்பந்து ஆடிக்கொண்டே கொலம்பியாவில் சட்டம் பயின்றார்.

இனவெறிக்கு எதிராகவும் சோவியத் நாட்டுக்கு ஆதரவாகவும் பேசியதால் 1950-இல் அரசு அவருடைய கடவுச்சீட்டை முடக்கியது. எட்டாண்டுகள் அது திரும்பவில்லை. 1976-இல் அவர் மறைந்தார். கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 1995-இல்.