நூலகக் கதவைத் திறந்தவர்

ஆண்டுதோறும் ஆகஸ்டு 12ஆம் நாள் இந்தியாவெங்கும் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் பள்ளி நூலகங்களில் முதியவர் ஒருவரின் படத்துக்கு மாலை அணிவிக்கப்படுவதை மாணவர் பலர் கண்டிருப்பர். அவரே இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராகிய அவர், நூலகப் பணியைத் தொடக்கத்தில் விரும்பவேயில்லை. விரும்பாத அப்பணியே அவரது வாழ்நாள் தொண்டாக மாறிய வரலாறு அறியத்தக்கது.

இளமையும் கல்வியும்

அந்நாளைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த சீர்காழியில் 1892ஆம் ஆண்டு அரங்கநாதன் பிறந்தார். தந்தையார் இராமாமிர்தம், தாயார் சீதாலட்சுமி. சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், பள்ளிப் படிப்பைச் சீர்காழியில் முடித்தார். பேசும்போது நாக்குத் திக்கும் குறை அவருக்கு இருந்தது. எனினும், அக்குறையை முயன்று வென்றார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று, 1916ஆம் ஆண்டு கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் ஆசிரியப் பயிற்சியும் முடித்து, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். மாணவர்களைக் கேள்வி கேட்டுச் சிந்திக்கச் செய்வது அவருக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

விரும்பாத பணி

1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவி அவரைத் தேடி வந்தது. நண்பர்களின் வற்புறுத்தலாலேயே அவர் விண்ணப்பித்திருந்தார். நூலகவியலை அவர் கற்றதில்லை. நேர்காணலுக்குச் சில நாள் முன்னர்க் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததே அவரது முன்னறிவு.

பணியேற்ற சில நாட்களிலேயே அவர் மனம் சோர்ந்தது. வகுப்பறையின் கலகலப்புக்குப் பழகியவருக்கு, ஆள் நடமாட்டம் குறைந்த அவ்விடம் சிறைபோல் தோன்றியது. மாநிலக் கல்லூரி முதல்வரிடம் சென்று, பழைய பணியையே மீண்டும் தருமாறு வேண்டினார். பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டின்படி முதலில் இலண்டன் சென்று நூலகவியல் பயிலுமாறும், திரும்பிய பின்னும் மனம் மாறாவிடில் ஆசிரியப் பணிக்கு வரலாம் என்றும் முதல்வர் அறிவுறுத்தினார். அரங்கநாதனும் அதற்கு இசைந்து கப்பலேறினார்.

இலண்டன் காட்டிய வழி

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்பார் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். சேயர்ஸ் இலண்டனை அடுத்த குராய்டன் நகரின் பொது நூலகத் தலைவராகவும் விளங்கியவர். அந்நூலகத்தில் அரங்கநாதன் நேரடிப் பயிற்சி பெற்றார். இங்கிலாந்தின் பல்வேறு ஊர்களில் நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களையும் சென்று பார்த்தார்.

அங்கே அவர் கண்டவை அவருக்குப் புதியவை. குழந்தைகள் தமக்கென அமைந்த அறையில் அமர்ந்து கதை கேட்டனர். தொழிலாளர்கள் வேலை முடிந்தபின் வந்து நூல்களைத் தாமே எடுத்துப் பார்த்தனர். பொதுமக்களுக்காகச் சொற்பொழிவுகளும் வாசகர் வட்டங்களும் நடைபெற்றன. நுழைவுக்கு எவரும் காசு கேட்கவில்லை. ஊர் மக்கள் செலுத்தும் வரியே நூலகத்தை நடத்தியது. சிறுவர் முதல் முதியவர் வரை அனைவருக்குமான பள்ளியாக நூலகம் இயங்கியதை அவர் கண்டார்.

அந்நாளில் நம் நாட்டில் பெரும்பான்மை மக்கள் எழுத்தறியாதவர்கள். பள்ளிக்குச் சென்றவர்களும் படிப்பை முடித்தபின் நூலைத் தொடும் வாய்ப்பற்றவர்கள். அவர்களுக்கும் இத்தகைய இடம் வேண்டும் என்னும் எண்ணம் அரங்கநாதன் உள்ளத்தில் வேரூன்றியது. 1925ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய அவர், கணித வகுப்புக்கு மீண்டும் செல்லவில்லை.

பூட்டைத் திறந்த நூலகர்

பல்கலைக்கழக நூலகத்தில் அவர் பல மாற்றங்களைச் செய்தார். வாசகர்கள் அலமாரிகளின் அருகே சென்று நூல்களைத் தாமே தேர்ந்தெடுக்க வழி செய்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். வருவோரை வரவேற்று, அவர்கள் தேடுவதைக் கண்டறிய உதவுமாறு பணியாளரைப் பழக்கினார். ஓய்வு நாளும் கருதாது அவரே நாள்தோறும் நெடுநேரம் உழைத்தார். தம் திருமண நாளன்று கூடச் சடங்குகள் முடிந்தபின் நூலகத்துக்கு வந்து பணிபுரிந்தார் என்பர்.

1928ஆம் ஆண்டு சென்னை நூலகச் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளராகப் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே நூலகர்களுக்கான பயிற்சி வகுப்பைச் சங்கம் தொடங்கியது. 1931ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூல், நூலகவியலின் ஐந்து விதிகளை உலகுக்கு அளித்தது. நூல் பூட்டி வைக்கும் பொருளன்று, பயன்படுத்தும் பொருள் என்பதும், ஒவ்வொருவருக்கும் அவருக்கேற்ற நூல் கிடைத்தாக வேண்டும் என்பதும் அவ்விதிகளின் சாரம். படிக்கத் தெரியாதவருக்கு நூலகத்தால் பயனில்லை என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்டால் அவர்களும் வாசகரே என்று கருதினார்.

நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குவதற்கும் அவர் புதுமுறை கண்டார். இலண்டன் கடையொன்றில் சிறு சிறு பாகங்களைப் பொருத்திப் பல பொம்மைகள் செய்வதைக் கண்டபோது பிறந்த எண்ணமே, 1933இல் வெளியான கோலன் பகுப்பு முறைக்கு வித்தாயிற்று.

மாட்டு வண்டியில் வந்த நூலகம்

1931ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசல் சிற்றூரில் ஒரு புதுமை நிகழ்ந்தது. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளரின் முயற்சியால், நூல்களைச் சுமந்த மாட்டு வண்டி ஊர் ஊராகப் புறப்பட்டது. நகருக்கு வர இயலாத உழவர்களைத் தேடி நூலகமே வாசலுக்குச் சென்றது. நூலகச் சங்கத்தின் வழியே இத்தகைய முயற்சிகளுக்கு அரங்கநாதன் ஊக்கமளித்தார்.

பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பு

தனியார் கொடையை மட்டும் நம்பினால் இலவச நூலகம் நிலைக்காது என்பதை அரங்கநாதன் உணர்ந்திருந்தார். கொடை நின்றால் கதவும் மூடிவிடும். எனவே சட்டம் ஒன்று தேவை எனக் கருதி, அதற்கான மாதிரி வரைவை உருவாக்கி, 1930ஆம் ஆண்டு வாரணாசியில் கூடிய கல்வி மாநாட்டில் முன்வைத்தார். அதனைச் சட்டமாக்கும் முயற்சிகள் உடனே கைகூடவில்லை. அவர் தளரவில்லை, எழுதியும் பேசியும் தலைவர்களைச் சந்தித்தும் அக்கருத்தை உயிரோடு வைத்திருந்தார்.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் காலத்தில், 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்துவரியோடு ஒரு சிறு பங்கு நூலக வரியாகப் பெறப்பட்டு, மாவட்டந்தோறும் நூலகங்கள் அமைய வழி பிறந்தது. வீடுடையோர் செலுத்திய சிறு தொகை, வீடற்றவரின் பிள்ளைக்கும் நூலைக் கொணர்ந்தது.

தில்லியில்

இதற்குள் அரங்கநாதன் வடநாடு சென்றிருந்தார். வாரணாசியில் இரண்டாண்டுகள் பணிபுரிந்தபின், 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்தார். அவர் அங்கிருந்த காலத்தில், 1951ஆம் ஆண்டு, யுனெஸ்கோ துணையுடன் தில்லிப் பொது நூலகம் திறக்கப்பட்டது. பழைய தில்லி இரயில் நிலையத்துக்கு எதிரில் அமைந்த அந்நூலகத்தில் சிறுவர் பகுதி இருந்தது. புதிதாக எழுத்தறிந்த பெரியவர்களுக்கான நூல்கள் இருந்தன. சொற்பொழிவு, நாடகம், திரைப்படக் காட்சி ஆகியவையும் நடைபெற்றன. கால் நூற்றாண்டுக்கு முன் இங்கிலாந்தில் அவர் கண்ட காட்சி, இந்தியத் தலைநகரிலும் உருப்பெற்றது.

இறுதிக் காலம்

தம் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, மனைவி சாரதாவின் பெயரும் இணைந்த நூலகவியல் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1962இல் பெங்களூரில் நூலகவியல் ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972 செப்டம்பர் 27ஆம் நாள் அந்நகரிலேயே மறைந்தார். சீர்காழியில் பிறந்து, மங்களூரிலும் வாரணாசியிலும் தில்லியிலும் உழைத்த அவருக்கு, நூலகம் இருந்த ஊரெல்லாம் சொந்த ஊராயிற்று.

இன்று நம் நாட்டின் பொது நூலகங்கள் பலவற்றில் கதை நேரமும் ஓவியப் பயிற்சியும் கலந்துரையாடலும் கட்டணமின்றி நடைபெறுகின்றன. பாட்டியின் கைபிடித்து வரும் சிறுமியும், தேர்வுக்குப் படிக்கும் இளைஞரும், நாளிதழ் புரட்டும் முதியவரும் ஒரே கூரையின்கீழ் அமர்கின்றனர். அவர்களுள் எவரையும் யார் என்றோ, கையில் காசு உண்டா என்றோ அக்கதவு கேட்பதில்லை. அக்கதவு அவ்வாறு திறந்திருக்க உழைத்தவர்களுள் முதன்மையானவர் அரங்கநாதன்.

சிந்தித்து விடை எழுதுக

1. நூலகர் பணியை விட்டு விலக அரங்கநாதன் விரும்பியது ஏன்?
2. இங்கிலாந்து நூலகங்களில் அவர் கண்டவற்றுள் மூன்றனை எழுதுக.
3. இலவச நூலகத்துக்குச் சட்டம் தேவை என அவர் கருதியதற்குக் காரணம் யாது?
4. நீவிர் வாழும் ஊரின் பொது நூலகத்துக்குப் பெரியவர் ஒருவருடன் சென்று, அங்கு நடைபெறும் நிகழ்ச்சிகளைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.