சமையல் கேஸில் என்னதான் இருக்கு? பிரித்துப் பார்த்த வால்டர் ஸ்நெல்லிங்கின் கதை

சங்கரன்கோவில் பிரியாணிக் கடையின் 19 கிலோ சிலிண்டரோ, வீட்டிலிருக்கும் 14.2 கிலோ சிலிண்டரோ, உள்ளே இருப்பது பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன் என்ற ரெண்டு வாயுக்கள்தான். எது எவ்வளவு? திறந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் போட்டுச் சொல்லலாம். அதற்கு வழி திறந்தவர் வால்டர் ஸ்நெல்லிங்.

1880-ல் வாஷிங்டனில் பிறந்த வேதியியலாளர். அவருடைய துறை வெடிபொருள். 1910-ல் பிட்ஸ்பர்க்கில் அமெரிக்க அரசின் சுரங்கத் துறையில் இருந்தபோது, ஃபோர்டு கார் வைத்திருந்த ஒருவர் புகாரோடு வந்தார். வாங்குகிற பெட்ரோலில் பாதி, வீடு போய்ச் சேர்வதற்குள் ஆவியாகிப் போகுதாம்! ஸ்நெல்லிங் அந்த பெட்ரோலைக் கண்ணாடி ஜாடியில் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்குக் கிளம்பினார். வழியெல்லாம் தக்கை தானாகவே பிதுங்கி வெளியே வந்துகொண்டே இருந்தது. ஆவி எங்காவது தேங்கி நின்று ஒரு தீப்பொறி பட்டால் என்ன ஆகும் என்று வெடிபொருள்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய வெந்நீர் ஹீட்டரின் சுருள் குழாயையும் கையில் கிடைத்த சாமான்களையும் வைத்து ஒரு கருவி கட்டினார். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும், பியூட்டேன் ஏறக்குறைய 0 டிகிரியில். இந்த வித்தியாசம்தான் ரெண்டையும் பிரித்துக் கொடுத்தது.

கலவையைக் கணிக்கவும் இதே மாதிரி வித்தியாசங்கள்தான் உதவுகின்றன. 40 டிகிரி வெயிலில் தனி புரோப்பேனின் ஆவியழுத்தம் சுமார் 13.7 பார், பியூட்டேனுக்கு 3.8 பார். பிரெஞ்சு விஞ்ஞானி ரவூலின் விதிப்படி, கலவை சுமார் 8.8 பார் காட்டினால் மூலக்கூறு எண்ணிக்கையில் பாதிக்குப் பாதி. அடர்த்தியும் ஒரு துப்புதான். 15 டிகிரியில் ஒரு லிட்டர் திரவ புரோப்பேன் 0.51 கிலோ, பியூட்டேன் 0.58 கிலோ. ஆனா ஒரு சிக்கல். ஐசோபியூட்டேன் என்ற மூன்றாவது ஆசாமி நடுவில் நின்று கணக்கைக் கொஞ்சம் குழப்பும். அதனால் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் இன்று ஆய்வகங்கள் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியைத்தான் நம்புகின்றன. மாதிரியையும் திரவத்திலிருந்தே எடுக்கணும். மேலே நிற்கும் ஆவியில் புரோப்பேன் கூடுதலாக இருக்கும், அதுவே முதலில் வெளியேறும். சிலிண்டர் தீரத் தீர மிஞ்சுவதில் பியூட்டேன்தான் அதிகம்.

1912-ல் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வீட்டுக்கு இந்த கேஸ் போனது. 1913-ல் காப்புரிமை வந்தது. அதை ஃபிராங்க் ஃபிலிப்ஸுக்கு 50,000 டாலருக்கு விற்றுவிட்டார் ஸ்நெல்லிங். இன்றைய கேஸ் வியாபாரத்தைப் பார்த்தால் அது கொசுறுக் காசு. அவர் பழையபடி வெடிபொருளுக்கே திரும்பி, ஆலன்டவுனில் டிரோஜன் பவுடர் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவைப் பல ஆண்டுகள் நடத்தினார்.

1965 செப்டம்பரில் காலமானார். அடுத்த மாதம் 22-ம் தேதி, கல்கத்தாவில் முதல் இண்டேன் இணைப்பு கொடுக்கப்பட்டது.