கண்ணால் கற்ற கலைஞர்: இராஜா இரவிவர்மா

நுழையும்முன்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மாவின் ஆட்சிக்காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர் குலத்து நெசவாளர்கள் பாலராமபுரத்தில் தறி அமைத்தனர். அவர்தம் மரபினர் நெய்யும் வெண்ணிறத் துணியையும் அதன் பொன்னிறக் கசவுக் கரையையும் நீங்கள் நன்கு அறிவீர்கள். அத்தகைய வெண்துணியின் மடிப்பில் ஒளியும் நிழலும் எவ்வாறு விழுகின்றன என்பதைக் கூர்ந்து நோக்கி வண்ணத்தில் வடித்த ஓவியர் ஒருவர் இதே திருவிதாங்கூரில் வாழ்ந்தார். கற்றுக்கொடுக்க ஆசிரியர் முன்வராதபோதும் அவர் கலையைக் கற்றார். அவ்வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் இளமையும்

இரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். தாயார் உமாம்பா பாயி. தந்தையார் நீலகண்டன் பட்டதிரிப்பாடு. சிறுவனான இரவிவர்மா கரித்துண்டைக் கையில் எடுத்தால், அரண்மனைச் சுவர்களில் யானையும் குதிரையும் பறவையும் தோன்றிவிடும். சுவரை அழுக்காக்குகிறான் என்று பணியாளர் முறையிட்டனர். ஆனால், தாய்மாமனான இராஜராஜவர்மா அக்கோடுகளில் குறும்பைக் காணவில்லை, திறமையைக் கண்டார். அவரும் ஓவியரே. தஞ்சாவூர் ஓவிய முறையில் பயிற்சி பெற்றிருந்த அவர், மருமகனுக்குத் தொடக்கப் பாடங்களைக் கற்பித்தார்.

பூட்டிய கதவு

1862ஆம் ஆண்டு, பதினான்கு வயதில், மாமன் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று மன்னர் ஆயில்யம் திருநாளிடம் அறிமுகப்படுத்தினார். சிறுவனின் திறமையை உணர்ந்த மன்னர், அங்கேயே தங்கி ஓவியம் பயில ஏற்பாடு செய்தார்.

அக்காலத்தில் நம் நாட்டு ஓவியர் பெரும்பாலும் இலை, மலர், மண், கல் ஆகியவற்றிலிருந்து எடுத்த வண்ணங்களை நீரிலும் பிசினிலும் குழைத்துத் தீட்டினர். அவ்வண்ணம் விரைவில் உலர்ந்துவிடும். ஐரோப்பியரின் நெய்வண்ண ஓவியமோ வேறு வகையானது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் மெல்லவே உலரும். ஆதலால் ஒரு நிறத்தை மற்றொன்றோடு இழைத்து ஒளியிலிருந்து நிழலுக்குப் படிப்படியாகச் செல்ல முடியும். முகத்தின் மென்மையையும் பட்டின் பளபளப்பையும் தொலைமலையின் மங்கலையும் காட்ட அம்முறை பெரிதும் உதவியது.

திருவனந்தபுரத்தில் அம்முறையை அறிந்தவராக அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் விளங்கினார். ஆனால், அவர் இளைஞனுக்குக் கற்பிக்க மறுத்துவிட்டார். தொழில்நுட்பத்தைத் தன்னோடு வைத்துக்கொள்வது அக்காலக் கலைஞர் பலரின் வழக்கம். கலையே வாழ்வாதாரமாக இருந்த நிலையில், புதிதாக வருபவன் போட்டியாளனாகிவிடுவான் என்ற அச்சம் இயல்பானதே. எனினும், நாயக்கரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவர், ஆசிரியருக்குத் தெரியாமல் இரவிவர்மாவுக்குச் சில நுட்பங்களைச் சொல்லிக்கொடுத்தார். பெரும்புகழ் பெற்ற ஓர் ஓவியரின் வாழ்வில் முதல் கதவைத் திறந்த இம்மாணவரின் பெயரை நாம் மறத்தல் ஆகாது.

பார்த்துப் பயின்ற பாடம்

1868ஆம் ஆண்டு தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மன்னர் குடும்பத்தினரின் உருவங்களைத் தீட்டத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் தீட்டும்போது அருகில் இருந்து பார்க்க மட்டும் இடமளித்தார். அதுவே இருபது வயது இளைஞருக்குப் போதுமானதாயிற்று.

பார்ப்பது வேறு, கூர்ந்து நோக்குவது வேறு. எந்த வண்ணம் முதலில் பூசப்படுகிறது, தூரிகை எத்திசையில் நகர்கிறது, முகத்தின் ஒளி எங்கிருந்து வருகிறது, பின்புலத்தின் நிறம் ஏன் அடங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் அவர் மனத்தில் பதித்துக்கொண்டார். கண்டதைத் தாமே செய்து பார்த்தார். பிழைபட்டால் மீண்டும் தீட்டினார். அரண்மனையில் இருந்த ஐரோப்பிய ஓவியத் தொகுப்பு நூல்களும் அவருக்கு ஆசிரியராயின. கதகளி ஆட்டமும் புராணக் கதைகளும் வடமொழிக் காவியங்களும் அவர் கற்பனைக்கு உரமிட்டன.

1870ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தினரின் உருவங்களைத் தீட்டிப் பொருள் பெற்றார். அரச குலத்தோடு தொடர்புடைய ஒருவர் ஓவியத்தைத் தொழிலாகக் கொள்வது அந்நாளில் புதுமையாகும். மறு ஆண்டில் மன்னர் அவருக்கு வீரசிருங்கலை என்னும் உயரிய அணியை வழங்கிச் சிறப்பித்தார்.

சென்னை தந்த சிறப்பு

1873ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற நுண்கலைக் கண்காட்சியில், கூந்தலில் மலர் சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்காக முதற்பரிசு பெற்றார். அவ்வோவியம் வியன்னா நகரக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு, இசைக்கருவி மீட்டும் தமிழ்ப் பெண்ணின் ஓவியம் சென்னையில் தங்கப்பதக்கம் பெற்றது. சில ஆண்டுகளில் இரவிவர்மாவின் பெயர் நாடெங்கும் பரவியது.

காட்சிப் பின்புலமும் தம்பியின் துணையும்

மனித உருவம் மட்டும் சிறந்தால் ஓவியம் நிறைவு பெறாது. கதை நிகழும் காடும் குளமும் வானும் உண்மையாகத் தோன்ற வேண்டும். காலில் முள் தைத்ததுபோல் பாவனை செய்து சகுந்தலை திரும்பி நோக்கும் ஓவியத்தில், மரங்களும் செடிகளும் புல்வெளியும் ஆசிரமச் சூழலை உணர்த்துகின்றன. அன்னத்தோடு உரையாடும் தமயந்தியின் ஓவியத்தில், தூணும் நீர்நிலையும் தனிமையைக் கூட்டுகின்றன.

இத்துறையில் இரவிவர்மாவுக்கு உறுதுணையாக இருந்தவர், 1860ஆம் ஆண்டு பிறந்த அவருடைய தம்பி சி. இராஜராஜவர்மா. அவர் இயற்கைக் காட்சி ஓவியத்தில் தேர்ந்தவர். அண்ணனின் ஓவியங்கள் பலவற்றில் பின்புலத்தைத் தீட்டியவர் அவரே. தங்கை மங்கள பாயியும் ஓவியர்.

1888ஆம் ஆண்டில் பரோடா மன்னர் சாயாஜிராவ், புராணக் காட்சிகளாகப் பதினான்கு ஓவியங்கள் வேண்டினார். உடனே தூரிகையை எடுக்காமல், சகோதரர் இருவரும் வட இந்தியாவில் நெடும்பயணம் மேற்கொண்டனர். கோயில்களையும் சிற்பங்களையும் பல்வேறு மக்களின் உடைகளையும் நேரில் கண்டனர். கண்டவற்றைக் கருத்தில் கொண்ட பின்னரே அவ்வோவியங்கள் உருவாயின. புகழ் பெற்ற பின்னும் இரவிவர்மா மாணவராகவே இருந்தார் என்பதற்கு இப்பயணம் சான்றாகும். 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய ஓவியங்கள் அவருக்குப் பரிசு பெற்றுத் தந்தன.

எல்லார்க்கும் ஓவியம்

நெய்வண்ண ஓவியம் பெரும்பாலும் அரண்மனைகளில் தொங்கியது. எளிய மக்கள் அதைக் காண வழியில்லை. இக்குறையைப் போக்க, 1894ஆம் ஆண்டு பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் படம் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவது அம்முறை. அங்கு அச்சான இலக்குமி, கலைமகள் படங்கள் குறைந்த விலையில் வீடுகளை அடைந்தன. கோயிலுக்குள் செல்லும் உரிமை மறுக்கப்பட்டவர்களும் தம் வீட்டுச் சுவரில் தெய்வ உருவத்தைக் கண்டு வணங்கினர். ஆயினும், பிளேக் நோயும் கடனும் தொழிலை நலிவடையச் செய்தன. இறுதியில் அச்சுக்கூடத்தை அவர் விற்க நேர்ந்தது. தமக்கு ஒரு காலத்தில் மறைத்து வைக்கப்பட்ட கலையை, அவர் நாட்டு மக்கள் அனைவருக்கும் திறந்துவிட்டார்.

புகழும் மாற்றுக் கருத்தும்

அவரைப் போற்றியோர் பலர்; குறை கூறியோரும் உண்டு. ஐரோப்பிய முறையைப் பின்பற்றியதால் அவர் ஓவியங்களில் இந்திய மரபின் ஆழம் குறைந்துவிட்டது என்பது, கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி போன்றோரின் கருத்து. பிறர் கலையிலிருந்து எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்னும் அவ்வினா, கலை பயில்வோர் ஒவ்வொருவர் முன்னும் இன்றும் நிற்கிறது.

1905ஆம் ஆண்டு தம்பி இராஜராஜவர்மா மறைந்தார். அந்த இழப்பு இரவிவர்மாவை மிகவும் தளரச் செய்தது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரில் அவரும் மறைந்தார். அவர்தம் ஓவியங்கள் சிலவற்றைத் திருவனந்தபுரத்திலுள்ள கலைக்கூடத்தில் காணலாம். பாலராமபுரத்திலிருந்து அது நெடுந்தொலைவில் இல்லை. அங்குச் செல்லும்போது, ஓர் ஓவியத்தின் முன் சிறிது நேரம் நின்று, உருவத்தைக் கண்டபின் அதன் பின்புலத்தையும் நோக்குங்கள். ஒளி எங்கிருந்து வருகிறது என்று கண்டறியுங்கள். இரவிவர்மா கற்றதும் அவ்வழியிலேதான்.

அருஞ்சொற்பொருள்

நெய்வண்ணம் – எண்ணெயில் குழைத்த வண்ணம்
தூரிகை – வண்ணம் தீட்டும் கோல்
பின்புலம் – உருவத்துக்குப் பின்னே அமையும் காட்சி
கல்லச்சு – கல்லில் எழுதி அச்சிடும் முறை
கசவு – பொன்னிறச் சரிகைக் கரை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சிறுவனான இரவிவர்மாவின் திறமையை முதலில் உணர்ந்தவர் யார்?
2. ஆறுமுகம் பிள்ளை செய்த உதவி யாது?
3. நெய்வண்ணம் மெல்ல உலர்வதால் ஓவியருக்கு உண்டாகும் பயன் யாது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. ஜென்சன் கற்பிக்க மறுத்தும் இரவிவர்மா எவ்வாறு கற்றார்?
2. இராமசாமி நாயக்கர் மறுத்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

இ. செய்து பார்க்க.
உம் ஊரிலுள்ள தறிக்கூடம், குளக்கரை, ஆற்றங்கரை ஆகியவற்றுள் ஒன்றைக் காலையிலும் மாலையிலும் கூர்ந்து நோக்குக. ஒளியும் நிழலும் மாறுவதை இரண்டு படங்களாக வரைந்து, வேறுபாட்டைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக.