பிள்ளை மனசு அறிந்த மரியா மாண்டிசோரி

மலருக்கு ஒரு பெரியவரைப் பற்றி எழுதச் சொன்னாங்க. நான் மாண்டிசோரி அம்மாவை எடுத்துக்கிட்டேன். காரணம் என் பொண்ணு. முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சவ, 13 வயசானதும் முகம் கொடுத்துப் பேசுறதில்ல. மார்க்கும் குறைஞ்சது. நானும் திட்டிக்கிட்டே இருந்தேன்.

இவர் 1870-ல் இத்தாலியில் பிறந்தார். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வமான காலத்தில், 1896-ல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907 ஜனவரி 6-ல் அங்கே சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காகக் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். பிள்ளைகளை மிரட்டி உட்கார வைக்காமல், கையில் பொருளைக் கொடுத்து, அவர்கள் செய்வதைப் பொறுமையாகக் கவனித்தார்.

அவருக்கும் ஒரு தாயின் வேதனை இருந்தது. கல்யாணமாகாமல் பிறந்த மகன் மாரியோவை, அந்தக் காலத்து ஊர்ப்பேச்சுக்கு நடுவே தன்னோடு வைத்து வளர்க்க முடியவில்லை. வேறு குடும்பத்தில் வளர்ந்த மகன் வாலிப வயசை எட்டும்போதுதான் தாயிடம் வந்து சேர்ந்தார். பிறகு கடைசிவரை அவருக்கு வலதுகையாக இருந்தார்.

இருவரும் 1939-ல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர நம்ம சென்னை அடையாறுக்கு வந்தார்கள். மறு வருஷம் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்று மாரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்து, பிறகு விடுவித்தது. போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி, வளர்ந்த பிள்ளைகளோடு பாடம் நடத்தினார்கள்.

பிள்ளை ஒரே மாதிரி வளர்வதில்லை என்பது அந்த அம்மா கண்டது. 6 வயசு வரை பார்த்ததை, கேட்டதை எல்லாம் தானாக உள்வாங்கும். 6 முதல் 12 வரை ஏன், எப்படி என்று கேட்கும், கூட்டாளிகளைத் தேடும், எது நியாயம் என்று வாதாடும். 12-க்கு மேல் மனசு சட்டென்று வாடும். படிப்பில் வேகம் குறையலாம். அப்போது மரியாதையும், கையால் செய்யும் உண்மையான வேலையும் கொடுக்கணும்.

1952-ல் நெதர்லாந்தில் அவர் மறைந்தார்.

இதைத் தெரிஞ்சதும் திட்டுறதை நிறுத்தி, குழுக் கணக்கை என் பொண்ணைக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். நான் விட்ட 40 ரூபாயை அவதான் கண்டுபிடிச்சா. மார்க் இன்னும் ஏறல. ஆனா ராத்திரி சாப்பிடும்போது பேசுறா.