பிடி அரிசியும் பிந்திய படிப்பும்

ரஹாங்கில் நானும் அண்ணனும் பாலர் பள்ளிக்குப் போனோம். இடைநிலைப்பள்ளிச் செலவுக்கு வழியில்லாமல் அண்ணன் பால்மரம் வெட்டப் போய்விட்டார். காமராஜர் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் அண்ணன்தான் நினைவுக்கு வருகிறார்.

1903இல் விருதுநகரில் பிறந்த காமராஜர் படித்தது சத்திரிய வித்யாசாலா பள்ளியில். வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியால் வளர்ந்த பள்ளி அது. அங்கே படித்தவருக்கு மேற்படிப்பு வாய்க்கவில்லை. தந்தையை இழந்த குடும்பத்தின் வறுமையால் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது.

1954இல் சென்னை மாநில முதலமைச்சரான அவர், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைக்கச் செய்தார். அதோடு நிற்காமல், ஏழைப் பிள்ளைகள் உயர்நிலைப்பள்ளியிலும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்தார்.

மாணவர்களே, பாலர் பள்ளிக்கு நன்கொடை தரும் நாம், பிள்ளைகள் படிவம் ஒன்றுக்குப் போன பிறகும் கைகொடுப்போம்.